பழைய காரில் இ20 பெட்ரோல்: மைலேஜையே பார்த்துக்கொண்டு டேங்கை மறக்காதீர்கள்

மழைக்காலம் முடிந்ததும் சித்தப்பா தன் 1997 மாடல் மாருதி 800-ஐ வெளியே எடுத்தார். நான்கு மாதமாக ஷெட்டில் கவர் போட்டு நின்ற வண்டி. ஸ்டார்ட் ஆனது, தெருமுனை வரை போனது, இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது. இ20 பெட்ரோலில் 20 சதவீதம் கலந்திருக்கும் எத்தனால் என்ற ஆல்கஹால் இன்ஜினைத் தின்றுவிட்டது என்று அவர் முடிவே கட்டிவிட்டார். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "இன்ஜின்ல ஒண்ணும் இல்ல சார், டேங்க்ல இருக்கு விஷயம்" என்றார். டேங்க் அடியிலிருந்து எடுத்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் மேலே பெட்ரோல், கீழே இரண்டு விரல்கடைக்கு வேறொரு திரவம், நடுவில் கோடு கிழித்த மாதிரி ஒரு பிரிவு.

கீழே நின்றது வெறும் தண்ணீர் இல்லை, தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்தது. எத்தனாலுக்குப் பெட்ரோலைவிடத் தண்ணீர்மேல்தான் பாசம் அதிகம். கொஞ்சம் தண்ணீர் வந்தால் கரைத்து வைத்துக்கொள்ளும். அந்த அளவு தாண்டினால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு அடியில் போய் உட்கார்ந்துவிடும். குளிர் கூடக்கூட இது சீக்கிரம் நடக்கும். பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் வாயும் டேங்கின் அடியில்தான் இருக்கிறது. அதனால் முதலில் இன்ஜினுக்குப் போவது அந்தக் கலவைதான். இப்படிப் பிரிந்த பிறகு மேலே ஐந்து லிட்டர் புதுப் பெட்ரோல் ஊற்றினால் சரியாகிவிடும் என்று நினைப்பது அடுத்த தவறு. டேங்கை முழுக்கக் காலி செய்துவிட்டுத்தான் புதிதாக நிரப்ப வேண்டும்.

தண்ணீர் எப்படி உள்ளே போனது என்று யாரும் கேட்பதில்லை. சித்தப்பா வண்டியில் டேங்க் மூடியின் ரப்பர் வாஷர் அப்பளம் மாதிரி வெடித்திருந்தது. வாட்டர் வாஷ், மழை எல்லாம் அந்த வழியாகத்தான். போதாததற்கு டேங்கில் கால்வாசிதான் பெட்ரோல். மீதி இடம் முழுக்க மழைக்கால ஈரக்காற்று. எப்போதாவது எடுக்கும் வண்டி என்றால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள், வாரம் ஒருமுறை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். மாதக்கணக்கில் எடுக்கவே போவதில்லை என்றால் பெட்ரோலை இறக்கிவிட்டு, கார்புரேட்டரில் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) மிச்சம் இருப்பதும் தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

மைலேஜ் குறைவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். குறையத்தான் செய்யும். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனாலே இல்லாத பெட்ரோலுக்கென்று வடிவமைத்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. முன்பு லிட்டருக்கு 16 கொடுத்த வண்டி 15 கொடுத்தால் இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. 12 கொடுத்தால் பிரேக் விடாமல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கிறதா, டயரில் காற்று இருக்கிறதா, எங்காவது பெட்ரோல் ஒழுகுகிறதா என்று பாருங்கள். பாவம், எத்தனால் எல்லாப் பழியையும் சுமக்கிறது.

ஒழுகல் என்றதும் பெட்ரோல் போகும் ரப்பர் ஓஸ். என்னைக் கேட்டால் பழைய காரில் முதல் செலவு இதற்குத்தான் செய்ய வேண்டும். இந்தியாவில் 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் இ20-ஐத் தாங்கும்படி வந்தன. அதற்கு முந்தைய பல வண்டிகளில், அதுவும் இருபது வருடத்துக்கு முந்தையதில், சாதாரண ரப்பர்தான். எத்தனால் பட்டுப்பட்டு அது ஊதும், பிசுபிசுக்கும், பிறகு காய்ந்து வெடிக்கும். இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, ஓஸை விரலால் அழுத்திப் பாருங்கள். விரலில் கறுப்பு ஒட்டினாலோ, வளைக்கும்போது மயிரிழை விரிசல் தெரிந்தாலோ மாற்றியே ஆக வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: மீட்டர் கணக்கில் விற்கும் ஏதோ ஒரு கறுப்பு ஓஸை வாங்கி மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுவார்கள். எத்தனாலைத் தாங்கும் எரிபொருள் ஓஸ் என்று கேட்டு வாங்குங்கள். உட்புறம் 'விட்டான்' (Viton) என்ற ரப்பர் பூசியது கிடைத்தால் நல்லது. கார்புரேட்டர் டயஃப்ரம், கேஸ்கெட் எல்லாம் இதே கதைதான். காருக்குள் பெட்ரோல் வாடை வந்தால் "பழைய வண்டி, அப்படித்தான்" என்று விடாதீர்கள். சூடான இன்ஜின்மேல் ஒழுகினால் தீப்பிடிக்கலாம்.

கார்புரேட்டர் வண்டியில் இன்னொன்று. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆக்ஸிஜன் சென்சார் உள்ள இன்ஜெக்ஷன் வண்டி இதைப் பெரும்பாலும் தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த வித்தை தெரியாது. கலவை லீனாகிவிடும், அதாவது காற்று அதிகமாகி எரிபொருள் குறைந்துவிடும், பிக்கப் தடுமாறும், ஸ்பார்க் பிளக் முனை வெள்ளையாக வெளுத்திருக்கும். ஐடில் ஸ்குரூவைத் திருகி "டியூன் பண்ணியாச்சு" என்று அனுப்பும் கடைகள் உண்டு. அந்த ஸ்குரூ நின்ற இடத்தில் ஓடும்போதுதான் பேசும். சாலையில் ஓடும்போது பெட்ரோலை அளந்து விடுவது மெயின் ஜெட்; தேவைப்பட்டால் ஒரு படி பெரிய ஜெட் போடத் தெரிந்தவரிடம் போங்கள்.

அப்புறம் டேங்கில் ஊற்றச் சொல்லி விற்கும் அந்தக் குப்பிகள். தண்ணீரை நீக்கும் என்று விற்பவற்றில் பலவற்றில் இருப்பதே இன்னொரு வகை ஆல்கஹால்தான். ஆக்டேன் பூஸ்டரும் தேவையில்லை, இ20-யின் ஆக்டேன், அதாவது இன்ஜினில் தட்டல் வராமல் தடுக்கும் திறனின் அளவு, 95. உங்கள் பழைய இன்ஜின் கேட்டதைவிட அதிகம். பிரீமியம் பெட்ரோல் என்றால் எத்தனால் கலக்காதது என்றும் நம்ப வேண்டாம், இரண்டும் வேறு வேறு விஷயம்.

சித்தப்பா வண்டிக்கு ஒரு வாஷர், ஒன்றரை மீட்டர் ஓஸ், ஒரு ஃபில்டர். இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் மார்க்கெட்டுக்குப் போய் வருகிறது.