கட்டட மாதிரியை இணைப்புத் தரவாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிம் (BIM) என்ற கணினிக் கட்டட மாதிரியில் உள்ள தகவலை ஆர்டிஎஃப் (RDF) வடிவத்துக்கு, அதாவது 'எது, என்ன உறவு, எதோடு' என்ற சிறு கூற்றுகளாக எழுதும் இணைப்புத் தரவு வடிவத்துக்கு மாற்றி, சென்சார் அளவீடுகளோடும் பராமரிப்புப் பதிவுகளோடும் இணைத்துவிட்டால் பெரிய வசதி. "இந்த ஏசி எந்தெந்த அறைகளுக்குக் காற்று தருகிறது, அவற்றில் எது இப்போது சூடாக இருக்கிறது?" என்பதை, அந்தத் தரவுக்கான கேள்வி மொழியான ஸ்பார்க்கிளில் (SPARQL) ஒரே வினவலாகக் கேட்கலாம். ஆனால் அங்கே போய்ச் சேருவதற்குள் பலர் சில இடங்களில் சறுக்கிவிடுகிறார்கள்.

முதல் சறுக்கல், ஐஎஃப்சி (IFC) கோப்பை, அதாவது பிம் மாதிரிகளைப் பரிமாறும் பொது வடிவக் கோப்பை, அப்படியே முழுதாக மாற்றுவது. ஐஎஃப்சியின் அமைப்பை அப்படியே இணைப்புத் தரவில் எழுதிய ஐஎஃப்சி-ஆவுல் (ifcOWL) வழியாக மாற்றினால், மூன்று எண்கள் கொண்ட ஒரே ஒரு புள்ளிகூடப் பத்துக்கும் மேற்பட்ட கூற்றுகளாக விரியும். வடிவியல் தரவு கோப்பிலேயே இருக்கட்டும். எந்த மாடியில் எந்த அறை, அறையில் என்னென்ன பொருள் என்பதற்கு இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி (W3C) அமைப்பின் சமூகக் குழு உருவாக்கிய சிறிய 'பாட்' (BOT) மெய்ப்பொருளியலே, அதாவது வகைகளையும் உறவுகளையும் வரையறுக்கும் சொற்தொகுப்பே, போதும்.

எனக்கு மிகவும் கவலை தருவது அடுத்த தவறுதான்: வகைகளுக்கும் உறவுகளுக்கும் விதி எழுதும் மொழியான ஆவுலின் (OWL) விதிகளைத் தரச் சோதனையாக நம்புவது. "தீத்தடுப்புக் கதவு ஒவ்வொன்றுக்கும் தாங்குநேரம் (தீயைத் தாங்கி நிற்கும் நேரம்) உண்டு" என்று விதி எழுதுகிறோம். ஒரு கதவுக்கு அது பதிவாகவில்லை. விதிகளிலிருந்து முடிவுகளை வருவிக்கும் மென்பொருளான ரீசனர் குறை சொல்லாது. தாங்குநேரம் எங்கோ இருக்கிறது, நமக்கு இன்னும் தெரியவில்லை என்றே எடுத்துக்கொள்ளும். இன்னொன்று இதைவிட விபரீதம். "ஓர் அறை ஒரே மாடியில்தான் இருக்கும்" என்று எழுதியபின், யாரோ ஓர் அறையைத் தவறுதலாக இரண்டு மாடிகளோடு இணைத்துவிட்டால், அந்த இரண்டு மாடிகளும் ஒன்றே என்று ரீசனர் முடிவு கட்டும்! அவை வெவ்வேறானவை என்று நாம் தனியாகச் சொல்லியிருந்தால்தான் முரண்பாடு வெளியே தெரியும். ஆவுல் புதிய உண்மைகளை வருவிப்பதற்கானது. விடுபட்டதைப் பிடிக்க 2017-இல் டபிள்யூ3சி பரிந்துரையாக வந்த ஷாக்கிள் (SHACL) என்ற தரவுச் சோதனை மொழி இருக்கிறது. ஒப்படைப்புக்கு முன் அதில் சோதியுங்கள். உயிர்காக்கும் கதவை ஊகத்துக்கு விடக் கூடாது.

இரண்டு பெயர்களும் ஒரே பொருளைக் குறிக்கின்றன என்று சொல்லும் 'சேம்-ஆஸ்' (sameAs) இணைப்பிலும் இதே கவனம் வேண்டும். தயாரிப்பாளர் பட்டியலில் உள்ள கதவு மாடலும் தளத்தில் மாட்டிய கதவும் ஒன்றல்ல. மாடலோடு இரண்டு கதவுகளை அப்படி இணைத்தால் அந்த இரண்டும் ஒரே கதவாகிவிடும். 'இந்த வகையைச் சேர்ந்தது' என்ற உறவே சரி.

அப்புறம் யுஆர்ஐ (URI), அதாவது ஒவ்வொரு பொருளுக்கும் தரும் இணைய முகவரி போன்ற அடையாளம். அதில் அறைப் பெயரையோ கோப்புப் பெயரையோ வைக்காதீர்கள், இரண்டும் மாறும். ஐஎஃப்சியின் 22 எழுத்து அடையாளக் குறியீட்டையும் ஒரு பண்பாகச் சேர்த்து வைத்தால் மாதிரிக்குத் திரும்ப வழி இருக்கும். ஆனால் சுவரை அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தால் அந்தக் குறியீடும் புதிதாகிவிடும். பழையதற்கும் புதியதற்குமான தொடர்பை நாம்தான் பதிய வேண்டும்.

அளவீட்டு அலகையும் மறக்காதீர்கள். ஐஎஃப்சியில் அலகு பொதுவாகத் திட்ட அளவில் ஒரே இடத்தில் சொல்லப்படுகிறது. அகலம் 900 என்பதை மட்டும் பிரித்தெடுத்தால் மில்லிமீட்டர் அங்கேயே தங்கிவிடும். ஆகவே மாற்றும்போதே ஒவ்வொரு மதிப்போடும் அலகைச் சேர்த்து எழுதிவிடுங்கள்.