பனி உருகும்போது வரும் வெள்ளம்: ஒன்டாரியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வெள்ளம் என்றால் நமக்கு ஐப்பசி, கார்த்திகைதான். வானம் இருட்டும், மழை நாள்கணக்கில் கொட்டும், ஏரி குளம் நிரம்பும், அப்புறம்தான் தெருவுக்குள் தண்ணீர் வரும். வானத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஒன்டாரியோவில் மார்ச் மாதம் அந்தப் பழக்கத்தை நம்பினால் ஏமாந்துபோவோம். இங்கே வெள்ளத்துக்கான தண்ணீரில் பெரும்பங்கு டிசம்பரிலிருந்தே தரையில் கிடக்கிறது. வயலிலும் கூரையிலும், பார்க்கிங் லாட் ஓரத்தில் அள்ளிக் குவித்த மேட்டிலும் ஸ்நோவாகக் கிடக்கிறது. அது எந்த நாளில் தண்ணீராகி ஓடப்போகிறது என்று பார்ப்பதுதான் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இங்குள்ள வானிலை ஆர்வலர்களின் முழுநேரக் கவலை.

நான் வந்த முதல் வருடம் இதெல்லாம் எனக்குத் தெரியாது. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட்டில், அதாவது தரைக்குக் கீழே உள்ள அடித்தளத்தில், வாடகைக்கு இருந்தேன். மார்ச் மாதம் ஒருநாள் வெப்பநிலை 11 டிகிரிக்கு ஏறியது. மாதக்கணக்கில் குளிரில் அடைந்து கிடந்த எனக்கு உடம்பே லேசானது போல இருந்தது. இரவு மழை வந்தது, பெரிய மழைகூட இல்லை. விடிவதற்கு முன் எழுந்து தரையில் கால் வைத்தால் கணுக்கால் அளவுக்கு ஐஸ் தண்ணீர். தரையில் இருக்கும் வடிகால் துளை வழியாகவே அது மேலே ஏறி வந்திருந்தது. கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த பெட்டியில்தான் பட்டச் சான்றிதழும் குடியேற்றப் பத்திரங்களும் இருந்தன. அத்தனையும் நனைந்துவிட்டன. புதிதாக வருகிற நம்மில் பலரும் முதலில் குடியேறுவது பேஸ்மென்ட்டில்தான் என்பதால், இந்தக் குறிப்பு அவர்களை மனதில் வைத்தே எழுதப்படுகிறது.

முதலில் ஸ்நோவைத் தண்ணீராகக் கணக்குப் பார்க்கப் பழகுங்கள். புதிதாக விழுந்த ஸ்நோ 10 சென்டிமீட்டர் என்றால் அதில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் தண்ணீர் இருக்கும். ஆனால் மார்ச்சில் தரையில் கிடப்பது பஞ்சு போன்ற புது ஸ்நோ இல்லை. பல தடவை உருகி, உறைந்து, அமுங்கி இறுகியது. அதே 10 சென்டிமீட்டரில் 30 மில்லிமீட்டர் தண்ணீர் கூட இருக்கலாம். முழங்காலுக்குக் கீழே, 30 சென்டிமீட்டர் உயரத்தில் அழுக்காகக் கிடக்கும் பழைய ஸ்நோவில் 90 மில்லிமீட்டர் மழை ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 16 அன்று பியர்சன் விமான நிலையத்தில் ஏறக்குறைய 98 மில்லிமீட்டர் மழை பெய்துதான் டொராண்டோவின் டான் வேலி பார்க்வே நெடுஞ்சாலை மூழ்கியது. கிட்டத்தட்ட அதே அளவு தண்ணீர், சத்தமில்லாமல், நீங்கள் நடந்துபோகும் பூங்காவில் கிடக்கிறது. அதனால்தான் ஆற்றுப் படுகைகளைக் கவனிக்கும் அலுவலர்கள் குளிர்காலம் முழுக்க ஒரு குழாயை ஸ்நோவுக்குள் செருகி எடுத்து எடை போடுகிறார்கள். அவர்களுக்கு உயரம் முக்கியமில்லை, எடைதான் முக்கியம்.

அடுத்தது தரை. உறைந்த மண் தண்ணீரை அதிகம் குடிக்காது. பெய்வதும் உருகுவதும் பெரும்பாலும் வழிந்து ஓடையைத் தேடிப் போகும். கனடாவின் சுற்றுச்சூழல் துறை ஒன்டாரியோவில் மழை எச்சரிக்கை விடும் அளவே இதைச் சொல்லிவிடுகிறது: கோடையில் 24 மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் என்றால் எச்சரிக்கை, தரை உறைந்த குளிர்காலத்தில் 25 மில்லிமீட்டரே போதும். ஊரில் 25 மில்லிமீட்டர் மழைக்கு நாம் குடையைக்கூடத் தேட மாட்டோம். இங்கே மார்ச்சில் அந்த எண்ணைக் கேட்டால் உடனே காது கொடுங்கள்.

இந்த ஊர் வானிலை ஆர்வலர்களிடம் நான் கற்றதில் மிகவும் பயன்பட்டது, பகல் வெப்பநிலையை விட இரவு வெப்பநிலையைப் பார்க்க வேண்டும் என்பது. பகலில் 6 டிகிரி, இரவில் மைனஸ் 4 என்று போனால் நல்லது. பகலில் கொஞ்சம் உருகும், இரவில் உறைந்து நிற்கும், ஆறுகளுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். மேப்பிள் மரங்களில் சாறு வடிவதும் இப்படிப்பட்ட நாட்களில்தான். குழந்தைகளைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டிய காட்சி அது. இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து பூஜ்யத்துக்கு மேலேயே நின்றால்தான் ஆபத்து. அதோடு ஸ்நோவின் மேல் மூடுபனி படர்ந்து காற்றும் அடித்தால் இன்னும் மோசம். மூடுபனியைப் பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆனால் காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த ஸ்நோவின் மேல் நீராகப் படியும்போது வெப்பத்தைக் கொட்டுகிறது. 1 கிராம் நீராவி படிந்தால் 7 கிராம் பனிக்கட்டியை உருக்கும் அளவு வெப்பம் வெளிப்படும். ஒரே இரவில் ஒரு வயல் முழுக்க ஸ்நோ காணாமல் போவது இப்படித்தான். இதன் மேல் மழையும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். தென்மேற்கிலிருந்து வரும் தாழ்வழுத்தத்தைச் செய்தியில் "கொலராடோ லோ" என்பார்கள். மெக்சிகோ வளைகுடாவின் வெப்பத்தையும் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு வருவது அது. மார்ச் செய்தியில் அந்தப் பெயர் காதில் விழுந்தால், அன்றைக்கே வீட்டைச் சுற்றி ஒரு நடை போய்ப் பாருங்கள்.

ஆற்றில் இன்னொரு ஆபத்து மிதந்து வருகிறது. ஆற்றின் மேல் உறைந்த பனிக்கட்டி உடைந்து பாளம் பாளமாக நகரும். பாலத்தடியிலோ வளைவிலோ அவை சிக்கிக்கொண்டால் அணை கட்டியது போல் ஆகிவிடும். இதை இங்கே "ஐஸ் ஜாம்" என்கிறார்கள். மழையே நின்ற பிறகும், அடைப்புக்குப் பின்னால் தண்ணீர் மளமளவென்று ஏறும். எங்கே, எப்போது அடைக்கும் என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்வது கடினம். 2018 பிப்ரவரியில் கிராண்ட் ஆற்றில் இப்படி அடைத்து, பிராண்ட்ஃபோர்டில் சுமார் 4,900 பேர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. 2022 பிப்ரவரியில் கிரெடிட் ஆறு அடைத்துக்கொண்டு பிராம்ப்டனின் சர்ச்வில் பகுதிக்குள் பனிக்கட்டியோடு புகுந்தது. பிராம்ப்டனில் நம் ஆட்கள் எத்தனை பேர் இருக்கிறோம் என்று சொல்லத் தேவையில்லை.

ஒட்டாவா பக்கம் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஒட்டாவா ஆற்றுக்குத் தண்ணீர் வடக்குக் காடுகளிலிருந்து வருகிறது, அங்கே ஸ்நோ தாமதமாகத்தான் உருகும். 2017, 2019 ஆண்டுகளின் பெருவெள்ளங்கள் ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் வந்தவை. புல் பச்சையான பிறகும் கவனமாக இருங்கள்.

சரி, யார் சொல்வதைக் கேட்பது? வானிலையை மத்திய அரசின் சுற்றுச்சூழல் துறை சொல்லும். ஆற்றைப் பற்றிச் சொல்வது "கன்சர்வேஷன் அத்தாரிட்டி" என்னும் அமைப்பு. இது நகர எல்லைப்படி பிரிக்கப்பட்டதில்லை, ஆற்றுப் படுகைப்படி பிரிக்கப்பட்டது. 1954 அக்டோபர் 15 இரவு ஹேசல் புயல் வந்தபோது ஒன்டாரியோவில் 81 பேர் இறந்தார்கள். டொராண்டோவில் ஹம்பர் ஆற்றோரம் ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் 35 பேர். அந்தத் தெரு இருந்த இடம் இன்று பூங்கா. டொராண்டோ சுற்றுப்புறத்துக்கான அத்தாரிட்டி அந்தத் துயரத்துக்குப் பிறகு, 1957ல் உருவானது. இந்த நகரத்தில் ஆற்றுப் பள்ளத்தாக்குகள் ஏன் வீடுகள் இல்லாமல் மரங்களோடு கிடக்கின்றன என்று வந்த புதிதில் நானும் வியந்திருக்கிறேன். அவை வெள்ளத்துக்காக விடப்பட்ட இடங்கள்.

இந்த அத்தாரிட்டிகளின் வெள்ள அறிவிப்பில் மூன்று படிகள் உண்டு. மஞ்சள் நிற "வாட்டர்ஷெட் கண்டிஷன்ஸ் ஸ்டேட்மென்ட்" வந்தால் ஆற்றங்கரைப் பக்கம் போக வேண்டாம் என்று பொருள். ஆரஞ்சு நிற "ஃபிளட் வாட்ச்" என்றால் வெள்ளம் வரக்கூடும், தயாராகுங்கள். சிவப்பு நிற "ஃபிளட் வார்னிங்" என்றால் வெள்ளம் வந்துகொண்டிருக்கிறது, அல்லது வந்தேவிட்டது. வாட்ச், வார்னிங் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பொருளை மேலே தூக்கி வைக்க வேண்டிய நேரம் வாட்ச். வார்னிங் வரும்வரை காத்திருந்தால் பொருளை விட்டுவிட்டு ஆளைக் காப்பாற்றும் வேலைதான் மிஞ்சும். 2025 நவம்பரிலிருந்து சுற்றுச்சூழல் துறையும் தன் வானிலை எச்சரிக்கைகளுக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் கொடுக்கிறது. அது வேறு, ஆற்று அறிவிப்பின் நிறம் வேறு. எந்த அமைப்பின் நிறம் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். உங்கள் பகுதி அத்தாரிட்டியின் இணையதளத்தில் மின்னஞ்சல் அறிவிப்புக்குப் பதிவு செய்ய ஐந்து நிமிடம் போதும். ஆற்று நீர்மட்டத்தையும் அங்கேயே பார்க்கலாம். வீட்டில் ஆங்கிலம் படிக்க முடியாத அப்பா அம்மா இருந்தால், கைபேசி திடீரென்று அலறினால் அது அரசின் அவசர அறிவிப்பு, அணைத்துவிடாமல் உடனே உங்களைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லி வையுங்கள்.

இனி பேஸ்மென்ட். வாடகைக்கு வீடு பார்க்கும்போதே, முன்பு தண்ணீர் வந்திருக்கிறதா, "பேக்வாட்டர் வால்வ்", "சம்ப் பம்ப்" இரண்டும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். முதலாவது சாக்கடைத் தண்ணீர் திரும்பி வீட்டுக்குள் வராமல் தடுக்கும் கதவு. இரண்டாவது அடித்தளத்தில் ஊறும் தண்ணீரை வெளியே தள்ளும் மோட்டார். இவற்றைப் பொருத்த டொராண்டோ நகராட்சி வீட்டு உரிமையாளர்களுக்கு மானியம் தருகிறது. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் இருந்தால் நகராட்சியின் 311 எண்ணுக்குக் கூப்பிட்டு விசாரிக்கச் சொல்லலாம். அந்த வால்வ் மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போக முடியாது. எனவே பெருமழை இரவில் வாஷிங் மெஷின் போடுவதும் நீண்ட குளியலும் வேண்டாம்.

காசு செலவில்லாத வேலைகள்தான் பெரும்பாலும் காப்பாற்றும். சுவரை ஒட்டிக் குவிந்த ஸ்நோவை ஐந்தாறு அடி தள்ளிப் போடுங்கள். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயின் வாய் வீட்டிலிருந்து விலகி, சரிவுப் பக்கம் பார்க்கிறதா என்று பாருங்கள். தெருவோர வடிகால் மேல் ஐஸ் மூடியிருந்தால், பாதுகாப்பாகச் செய்ய முடிகிற இடத்தில் உடைத்து வழி விடுங்கள். கடப்பிதழ், பிஆர் அட்டை, சான்றிதழ்கள் எல்லாம் தண்ணீர் புகாத பையில், அலமாரியின் மேல்தட்டில் இருக்கட்டும். ஃபிளட் வாட்ச் இருக்கும் இரவில் பேஸ்மென்ட்டில் குழந்தைகளைப் படுக்க வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். மேல்வீட்டிலோ நண்பர் வீட்டிலோ ஓர் இரவு படுக்கக் கேட்பதில் வெட்கம் எதற்கு?

காப்பீட்டில் நம்மவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். வீட்டுக்காரரின் காப்பீடு உங்கள் பொருளுக்கு வராது. வாடகைதாரருக்கென்று தனிக் காப்பீடு உண்டு, அதை எடுங்கள். அதிலும் சாக்கடை திரும்பி வருவதும், ஆறு பெருகித் தரைமேல் ஓடி உள்ளே வருவதும் பெரும்பாலும் தானாகச் சேர்ந்திருக்காது. இரண்டையும் பெயர் சொல்லிக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

வண்டி ஓட்டுபவர்களுக்கு: ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தால் பெரியவரையே தள்ளிவிடும், 30 சென்டிமீட்டர் சிறிய காரை மிதக்க வைக்கும், 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துப் போய்விடும். சாலையில் தடுப்பு வைத்திருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள், வந்த வழியே திரும்புங்கள். உறைந்த ஆற்றின் மேல் நடப்பதை மார்ச்சில் அறவே விட்டுவிடுங்கள். கரையும் வழுக்கும், தண்ணீரோ பூஜ்யம் டிகிரியில் ஓடும். நன்றாக நீச்சல் தெரிந்தவருக்கும் சில நிமிடங்களில் கைகால் மரத்துவிடும்.

தண்ணீர் உள்ளே வந்தேவிட்டால் அவசரப்பட்டு இறங்க வேண்டாம். பிளக் பாயின்ட் வரை ஏறியிருந்தால் தண்ணீரில் மின்சாரம் இருக்கலாம். வெளியிலிருந்தே மின்சார நிறுவனத்துக்கு (இங்கே "ஹைட்ரோ" என்பார்கள்) சொல்லி இணைப்பைத் துண்டிக்கச் செய்யுங்கள், உயிருக்கு ஆபத்து என்றால் 911. தரை வடிகால் வழியாக வருவது சாக்கடைத் தண்ணீர், எனவே கையுறையும் பூட்சும் இல்லாமல் தொடாதீர்கள். நனைந்த எதையும் தூக்கி எறியும் முன் படம் எடுங்கள், சுவரில் தண்ணீர் நின்ற கோட்டையும் சேர்த்து. வீட்டைச் சரிசெய்து தருவது வீட்டுக்காரரின் பொறுப்பு. நகராட்சியில் பதிவு செய்யாத பேஸ்மென்ட் என்பதால் வாடகைதாரராக உங்கள் உரிமை போய்விடாது. வாயால் சொன்னதோடு விடாமல், அன்றே தேதியும் நேரமும் போட்டுக் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ அவருக்கு அனுப்புங்கள். ஈரமான கார்ப்பெட்டையும் சுவர்ப் பலகையையும் இரண்டு நாட்களுக்குள் உலர்த்தவோ அகற்றவோ வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடித்துவிடும். சுவாசக் கோளாறு உள்ள குழந்தையோ பெரியவரோ இருந்தால் அந்த இரண்டு நாட்களும் அவர்களை வேறு இடத்தில் தங்க வையுங்கள்.