ஹாப்சன்ஸ் சாய்ஸ்: எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

'ஹாப்சன்ஸ் சாய்ஸ்' (Hobson's choice) என்ற ஆங்கிலத் தொடரை எழுதுமுன், கொடுக்கப்படுவது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றே ஒன்றை நீட்டி, 'வேண்டுமானால் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் போ' என்றால் தொடர் சரியாகப் பொருந்தும். கேன்டீனில் தயிர்சாதம் மட்டும் மிச்சமிருக்கிறது, அதைச் சாப்பிடலாம் அல்லது பட்டினி கிடக்கலாம் என்றால் அது ஹாப்சன்ஸ் சாய்ஸ். அறுவை சிகிச்சை செய்தாலும் ஆபத்து, செய்யாவிட்டாலும் ஆபத்து என்றால் அது டைலமா, இருதலைக்கொள்ளி எறும்பின் நிலை. பழகிய எழுத்தாளர்கள்கூட இந்த இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள்.

தொடர் பிறந்த லாயத்தைத் தெரிந்துகொண்டால் குழப்பம் வராது. தாமஸ் ஹாப்சன் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்காரர், 1631-இல் இறந்தவர். கேம்பிரிட்ஜுக்கும் லண்டனுக்கும் இடையே தபாலும் சரக்கும் கொண்டுபோனதோடு, பல்கலைக்கழக மாணவர்களுக்குக் குதிரைகளை வாடகைக்கும் விட்டார். அவரிடம் 40 குதிரைகள் இருந்ததாக 1712-இல் 'ஸ்பெக்டேட்டர்' இதழில் வந்த கட்டுரை சொல்கிறது. இஷ்டப்படி எடுக்கவிட்டால் எல்லோரும் வேகமான குதிரையையே கேட்பார்கள், அது ஓடி ஓடி ஓய்ந்துவிடும். அதனால் கதவுக்கு அருகில் நிற்பதைத்தான் எடுக்க வேண்டும் என்று விதி வைத்தார். எல்லாக் குதிரைக்கும் முறையாக ஓய்வு கிடைத்தது. நல்ல ஏற்பாடுதான், வாடகைக்கு வந்தவருக்கோ லாயம் நிறையக் குதிரை இருந்தும் கிடைப்பது ஒன்றுதான்.

இன்னும் இரண்டு தொடர்கள் இதோடு கலந்துவிடும். 'அனுபவம் இருந்தால்தான் வேலை, வேலை பார்த்தால்தான் அனுபவம்' என்று விதியே வழியை அடைத்தால் அது 'கேட்ச் 22'. எந்தப் பக்கம் வாதிட்டாலும் ஒரே கெட்ட முடிவு வந்தால் 'மார்ட்டன்ஸ் ஃபோர்க்': ஆடம்பரமாக வாழ்ந்தால் வரி கட்டப் பணம் இருக்கிறது, சிக்கனமாக வாழ்ந்தால் சேமிப்பு இருக்கிறது, ஆகவே இருவரும் கட்டு. இங்கிலாந்து அரசர் ஏழாம் ஹென்றியின் அமைச்சர் ஜான் மார்ட்டன் பெயரோடு வழங்கும் வாதம் இது.

எழுதும்போது ஹாப்சன் ஆள்பெயர் என்பதால் ஆங்கிலத்தில் முதலெழுத்து பெரியது. பெயரை அடுத்து அபாஸ்ட்ரஃபியும் எஸ்ஸும் வரும். 'ஹாப்சியன் சாய்ஸ்' தவறு, அது தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸோடு குழம்பிப் பிறந்தது. தமிழில் 'ஹாப்சனின் தேர்வு' என்று போட்டால் பரீட்சை என்று படித்துவிடுவார்கள். 'இதை விட்டால் வேறில்லை' என்று எழுதுங்கள்.