4×5 கேமராவுக்குப் பை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி ஏறும் வழியில், பாதி மலையில் பையை இறக்கி ஜிப்பைத் திறந்தேன். 4×5 அங்குல ஷீட் ஃபில்ம்மை வெளிச்சம் படாமல் வைக்கும் சட்டம்தான் ஃபில்ம் ஹோல்டர். அதில் ஒன்றில், ஃபில்ம்மை மூடும் தகடான டார்க் ஸ்லைடு ஓர் அங்குலத்துக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருக்க வேண்டிய சின்னக் கொக்கி எதிலோ உரசித் திரும்பியிருக்கிறது. வீட்டுக்கு வந்து டெவலப் செய்து பார்த்தால், நெகட்டிவ்வின் ஓரத்தில் மை கொட்டியதுபோல ஒரு கறுப்புப் பட்டை. ஷீட் ஒன்று சில நூறு ரூபாய். ஏறி இறங்கிய முட்டிவலிக்குக் கணக்கே இல்லை. தப்பு கேமராவுடையது அல்ல, பையுடையது. அதாவது, அந்தப் பையை வாங்கிய என்னுடையது.

எல்லோரும் செய்யும் முதல் தவறு, கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு பை தேடுவது. மடிக்கிற ஃபீல்ட் கேமரா என்றால், மடித்தபின் தடித்த அகராதி அளவுதான் இருக்கும். எந்தப் பையிலும் போய்விடும். இடத்தைத் தின்பது ஹோல்டர்கள். 4×5 ஹோல்டர் ஒன்று வெளி அளவில் சுமார் 12 செ.மீ. அகலம், 18 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல் நீளம், 13 மி.மீ. தடிமன். ஒன்றில் முன்னும் பின்னுமாக இரண்டு ஷீட். பத்து ஹோல்டர் அடுக்கினால் இருபது படத்துக்கு 13 செ.மீ. தடிமனில் ஒரு கட்டை. எடையும் ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். இன்டிரெப்பிட் போன்ற இலேசான கேமரா வைத்திருப்பவருக்கு கேமராவைவிட ஹோல்டர்தான் கனம்.

டிஜிட்டல் கேமராவுக்குச் செய்த பை இங்கே உதவாததற்குக் காரணமும் இதுவே. அதன் தடுப்புகள் உருளையான லென்ஸ்களுக்கு அளவெடுத்தவை. நமக்கு வேண்டியது பலகை பலகையாகச் செருகும் இடம். அந்தப் பைகளில் ஹோல்டரைப் படுக்க வைக்க வேண்டி வரும். படுத்துக் கிடக்கும் ஹோல்டர்கள் நடக்க நடக்க ஒன்றோடொன்று உரசும். செஞ்சியில் எனக்கு நடந்தது அதுதான். நிமிர்த்தி, கைப்பிடி மேலே பார்க்க, ஆடாத அளவுக்கு நெருக்கமாக நிற்க வேண்டும்.

பெரிய பையாக வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. காலி இடம் இருந்தால் கை சும்மா இருக்காது, இன்னும் நாலு ஹோல்டர் ஏறும். 1927 ஏப்ரலில் அமெரிக்காவின் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் பாறையை எடுக்கப் போன புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் சுமந்தது, ஃபில்ம்முக்குப் பதிலாக ஒரு டஜன் கண்ணாடித் தட்டு. அந்த இடத்துக்கு ஏறிச் சேர்ந்தபோது மிச்சம் இருந்தவை இரண்டு. அவர் பெயர் சொல்லும் படம் அந்த இரண்டில் கடைசித் தட்டில் விழுந்தது. ஒரு நாளில் நான் உருப்படியாக எடுப்பது ஆறு படம். ஆகவே ஐந்து ஹோல்டர் போதும். நான்கு ஷீட் கைக்காவல்.

பை எந்தப் பக்கம் திறக்கிறது என்பதைக் கடையில் யாரும் பார்ப்பதில்லை. முன்பக்கம் திறக்கும் பையை வயலில் மல்லாக்கப் போட்டால் தோள்வார் முழுக்கச் சேற்றில் கிடக்கும். அப்புறம் அதையே மாட்டிக்கொண்டால் சட்டை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதுகுப்பக்கம் திறப்பது நல்லது. மேலே வாய் வைத்த மலையேற்றப் பை தூக்குவதற்குச் சுகம், எடுப்பதற்கு நரகம்: அடியில் கிடக்கும் லூப்பை, அதாவது ஃபோகஸ் பார்க்கும் பூதக்கண்ணாடியை, எடுக்க எல்லாவற்றையும் பாறைமேல் பரப்ப வேண்டும். 1858இல் ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுக்க வந்தபோது சாமான்கள் மாட்டு வண்டியில் வந்தன. வண்டி நின்ற இடத்தில் பரப்பிக்கொள்ளலாம். நமக்குத் திறந்த பைதான் மேசை. டிரைபாட், கேமரா, லென்ஸ், கறுப்புத் துணி, லூப், ஒளிமீட்டர், ஹோல்டர் என்று எடுக்கும் வரிசை மாறாது. அந்த வரிசையில் கை போகிறதா என்று வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து ஒருமுறை செய்து பாருங்கள்.

எடுத்த ஷீட்டையும் எடுக்காத ஷீட்டையும் ஒரே அறையில் போடுவது இன்னொன்று. டார்க் ஸ்லைடின் வெள்ளைப் பக்கம் வெளியே இருந்தால் எடுக்காதது, கறுப்பு என்றால் எடுத்தது என்பது வழக்கம். இருட்டும் அவசரமும் சேர்ந்தால் வழக்கம் மறந்துபோகும். வலப்புறம் புதிது, இடப்புறம் முடிந்தது என்று இரண்டு அறை இல்லாத பை எனக்கு வேண்டாம். தூசியும் இங்கேதான் பிரச்சினை. எடுக்கும்போது ஃபில்ம்மேல் ஒரு தூசு உட்கார்ந்திருந்தால் அந்த இடத்தில் ஒளி விழாது. பிரிண்டில் கறுப்புப் புள்ளியாக நிற்கும், வானத்தில் காக்கை பறப்பதுபோல. ஹோல்டர்களை இரண்டிரண்டாக ஜிப் கவரில் போட்டுச் செருகுகிறேன்.

லென்ஸை அது பொருந்தியிருக்கும் போர்டோடு சேர்த்து, முன்னும் பின்னும் மூடி போட்டு, சமையலறையில் இருக்குமே பூட்டுப்போட்ட பிளாஸ்டிக் டப்பா, அதில் வைத்தால் போதும். இதற்கென்று விற்கும் உறைக்குக் காசு கொடுக்காதீர்கள். டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் ஒரு பொட்டலம். ஷட்டரை இயக்கும் கேபிள் ரிலீஸைக் கழற்றிவிட்டு வையுங்கள். மாட்டியபடியே அடைத்தால் வளைந்து போகும்.

நம் ஊர்க் காற்றுக்கு ஒரு வார்த்தை. கடற்கரை ஊரில் ஸ்பாஞ்ச் வைத்த பையை கேமரா வைக்கும் நிரந்தர அலமாரியாக்கினால் லென்ஸில் பூஞ்சை நிச்சயம். மலிவான ஸ்பாஞ்சே சில வருஷத்தில் ஈரம் குடித்துப் பிசுபிசுத்து உதிரும். உதிர்ந்த பொடி, கேமராவின் துருத்தியான பெல்லோஸ் மடிப்புக்குள் போய் உட்கார்ந்தால் எடுப்பது பெரும்பாடு. வேலை முடிந்தால் பை காலியாக வேண்டும். கறுப்புப் பையை வெயிலில் காருக்குள் விடுவதும் ஃபில்ம்மை அடுப்பில் வைப்பதும் ஒன்று.

விமானத்தில் போகிறவர்கள் பையை எடை போடாமல் கிளம்பக் கூடாது. உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்கு வழக்கமான எல்லை 7 கிலோ. வெறும் பையே இரண்டரைக் கிலோ என்றால் மிச்சம் என்ன என்று பாருங்கள். டிரைபாடையும் கறுப்புத் துணியையும் செக்-இன் பெட்டியில் போடலாம். எடுத்ததோ எடுக்காததோ, ஃபில்ம் அதில் போகவே கூடாது, அங்கே எக்ஸ்-ரே கடுமை. கைப்பையைச் சோதிக்கும் புதிய சிடி (CT) ஸ்கேனரும் ஃபில்ம்மைக் கெடுக்கும். கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் ஹோல்டரில் ஏற்றிக்கொண்டு போய்க் கேட்காதீர்கள். உள்ளே என்ன என்று டார்க் ஸ்லைடை இழுத்துப் பார்க்க ஒரு விநாடி போதும். பிரிக்காத டப்பாவாகக் கொண்டுபோய், தங்கும் அறையில், வெளிச்சம் புகாத துணிப்பையான சேஞ்சிங் பேக்கில் கை விட்டு ஏற்றிக்கொள்ளலாம். அந்த சேஞ்சிங் பேக்கை மடித்து, கேமராவின் பின்னால் பிம்பம் விழும் கிரவுண்ட் கிளாஸுக்கு எதிரே செருகினால், கண்ணாடிக்குத் தனியாக மெத்தை தேட வேண்டாம்.