இணைய வகுப்பும் தலைபாரமும்: என் அனுபவம்

அம்பாசமுத்திரத்தில் வீட்டிலிருந்தே முதுகலை படிக்கிறேன். ஜூம் வகுப்பு முடிந்தால் தலை கனக்கும், படபடப்பு வரும், இரவில் தூக்கம் பிடிக்காது. பாளையங்கோட்டையில் கண் பரிசோதித்தார்கள், குறையில்லை. மாலைக் காபியை நிறுத்தியும் பயனில்லை.

கேமரா தேவைப்படாத வகுப்புகளுக்குப் பிறகு மட்டும் இந்தத் தொல்லை இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். கேமரா போட்டால் ஆசிரியரை விட்டுவிட்டு, திரை மூலையில் தெரியும் என் முகத்தையே கண் தேடியது. முடியை ஒதுக்குவதும் காலரை இழுத்துவிடுவதுமாகவே இருந்தேன். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பைலன்சன் 2021இல் காணொளிச் சோர்வுக்குச் சொன்ன நான்கு காரணங்களில் இதுவும் ஒன்று.

என் படத்தின் மேலிருந்த மூன்று புள்ளிகளை அழுத்தி, என் காட்சியை மறைக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்தேன். கேமரா அணையாது, மற்றவர்களுக்கு நாம் தெரிவோம், நமக்கு மட்டும் தெரியாது. வருகைப் பதிவுக்கும் சிக்கலில்லை. அந்த வாரமே தூக்கம் திரும்பியது. பெரிய நிம்மதி.