மூன்றாவது முள்ளும் பக்கத்து ஆளியும்

"தம்பி, இந்தக் கல்குலேற்றர் பழுதாப் போச்சுது போல, ஒருக்கா பார்" என்று மாமா கூப்பிட்டபோது பற்றரி முடிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். யாழ்ப்பாண ரவுணுக்குள் அவருக்கு ஒரு ஹார்ட்வெயார் கடை. 1000 ரூபாய்ச் சாமானுக்கு 18 சதவீத வற் வரி போடவேண்டும். மேசையில் இருந்த அகலமான கல்குலேற்றரில் 1000, கூட்டல், 18, சதவீதக் குறி என்று அமுக்கினார். திரையில் 1219.51. பக்கத்தில் நின்ற மகன் போனில் அதையே அமுக்கினான். 1180. மாமா இரண்டையும் நம்பாமல் கொப்பியை எடுத்துக் கையால் பெருக்கத் தொடங்கிவிட்டார்.

கல்குலேற்றரில் பழுது எதுவும் இல்லை. பல கசியோ மேசைக் கல்குலேற்றர்களில் கூட்டலும் சதவீதமும் சேர்ந்தால் அது ஒரு முதலாளியின் கேள்வி: "இந்த விலைக்கு வாங்கிய சாமானை எவ்வளவுக்கு விற்றால், விற்ற விலையில் 18 சதவீதம் எனக்கு லாபமாக நிற்கும்?" அதனால் 1000ஐ அது 0.82ஆல் வகுக்கிறது. கூட வருகிற கைநூலில் இதற்கு உதாரணமே இருக்கிறது: 480க்கு வாங்கியது, 25 சதவீதம், விடை 640. போனில் அமுக்கினால் 480இன் கால்வாசியைக் கூட்டி 600 என்று சொல்லும். கைநூல்தான் பெட்டியோடு குப்பைக்குப் போய்விடுகிறதே. வற் போட வேண்டுமென்றால் 1000, பெருக்கல், 18, சதவீதம், அதன் பிறகு கூட்டல். 1180 வரும். கழித்தல் இதைவிடப் பகிடி. 1180, கழித்தல், 18, சதவீதம் என்று அமுக்கினால் 6455.55 வரும். 1180 என்பது 18ஐவிட எத்தனை சதவீதம் கூட என்று அது பார்க்கிறது.

அது கல்குலேற்றரின் குணம். முழுக்க எங்களுடைய பிழை ஒன்றும் இருக்கிறது. வற் சேர்ந்த 1180இலிருந்து வற்றை எடுக்க, போனில் 18 சதவீதம் கழிக்கிறார்கள். 967.60 வரும். 1000 வரவேண்டுமென்றால் 1.18ஆல் வகுக்க வேண்டும். பில் ஒன்றுக்கு 32 ரூபாய் 40 சதம் பெரிய காசு இல்லைத்தான், ஆனால் நூறு பில்லுக்கு 3240 ரூபாய்.

மாமாவின் கல்குலேற்றரைத் திருப்பிக் கொடுக்குமுன் மேலே இருந்த இரண்டு சின்னத் தள்ளு ஆளிகளையும் பார்த்தேன். ஒன்று தசம தானங்களுக்கு. அதன் ஒரு ஓரத்தில் ஆங்கில 'ஏ' எழுத்து இருக்கும். ஆளி அங்கே தள்ளுப்பட்டுப் போனால் கூட்டலில் கடைசி இரண்டு இலக்கத்தையும் சதம் என்று எடுத்துக்கொள்ளும். 450ஐயும் 1275ஐயும் கூட்டினால் 17.25 என்று காட்டும். புள்ளி அமுக்காமல் சதக் கணக்குப் போடுகிறவர்களுக்காகச் செய்த வசதி அது. இன்றைக்கு யார் சதத்தில் கணக்குப் போடுகிறார்கள்? மற்ற ஆளி, மிஞ்சும் தசம இலக்கம் ஐந்தோ அதற்கு மேலோ என்றால் மேலே ஏற்றுவதா, வெட்டி எறிவதா என்பது. நான் இரண்டையும் வேண்டிய இடத்தில் வைத்து மேலே செலோரேப் ஒட்டிவிட்டேன். வடிவாக இல்லை என்று மாமா முணுமுணுத்தார்.

இந்தச் சாமான்களில் எனக்குக் கொஞ்சம் பைத்தியம். அதனால் சொந்தம், அயல் எல்லாரும் பழுதானதை என்னிடம்தான் கொண்டுவருவார்கள். கொம்பியூட்டர் வாங்கும்போது ஐ-5 போதுமா, ஐ-7 வேண்டுமா என்று எங்கள் பெடியள் அரை மணித்தியாலம் கதைப்பார்கள். ஆனால் என்னிடம் வந்ததில் புரொசெசர் செத்து வந்தது ஒன்றுகூட இல்லை. கடையில் நின்று யாரும் கேட்காத இடங்களில்தான் சாமான்கள் பழுதாகின்றன.

கல்குலேற்றரை இன்னும் விடவில்லை. ஏ/எல் என்கிற உயர்தரப் பரீட்சையில் பௌதிகவியல், இரசாயனவியல் வினாத்தாள்களுக்குக் கல்குலேற்றர் அனுமதி இல்லை. அதனால் எங்கள் பிள்ளைகள் பலர் விஞ்ஞானக் கல்குலேற்றரை ஒழுங்காகக் கையில் எடுப்பதே கம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில்தான். முதல் பிழை, அது கோணத்தைப் பாகையில் எடுக்கிறதா ரேடியனில் எடுக்கிறதா என்று பார்க்காதது. சைன் 30 போட்டால் 0.5 வரவேண்டும். −0.988 வந்தால் அது ரேடியனில் நிற்கிறது, 0.454 வந்தால் கிரேடியன் என்ற மூன்றாவது அளவில். சோதனை மண்டபத்தில் இருந்தவுடன் சைன் 30 போட்டுப் பார்க்க ஐந்து விநாடி போதும். அடுத்தது 6÷2(1+2). கசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ் 1 என்று சொல்லும், போன் 9 என்று சொல்லும். அடைப்புக்குறியோடு ஒட்டிய 2ஐ கசியோ முதலில் பெருக்குகிறது. எது சரி என்று சண்டை பிடிப்பதைவிட அடைப்புக்குறியைக் கூடப் போடுவது நல்லது. எக்செலில் −3^2 கொடுத்தால் 9, விஞ்ஞானக் கல்குலேற்றரில் −9. அதற்கும் அடைப்புக்குறிதான் மருந்து.

சரி, பிளக்குக்கு வருவோம். கனபேர் வந்து சொல்வது, "சீபியூவைத் தொட்டால் சுள் என்று அடிக்குது." பவர் சப்ளை பழுது என்று புதிதாக வாங்கிப் போட்டும் அடித்தவர்கள் உண்டு. கொம்பியூட்டர் பவர் சப்ளையின் வாசலில் மின் இரைச்சலை வடிக்க இரண்டு சின்னக் கொள்ளளவிகள் (கப்பாசிற்றர்) இருக்கும். ஒன்று லைனிலிருந்து பெட்டியின் உடலுக்கு, மற்றது நியூற்றலிலிருந்து அதே உடலுக்கு. ஏர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு நிலத்துக்குப் போய்விடும். ஏர்த் இல்லாவிட்டால் இரும்புப் பெட்டி 230இன் பாதி, கிட்டத்தட்ட 115 வோல்ற்றில் தொங்கும். ரெஸ்ரரை வைத்தால் எரியும். ஓட்டம் மிகக் குறைவு என்பதால் சுள் என்பதோடு நிற்கிறது. ஆனால் அந்த நிலையில் எச்டிஎம்ஐ வயரை ரீவியில் செருகினால் பொறி பறக்கும், சிலவேளை இரண்டு பக்கத்துப் போர்ட்டும் போகும். சுவர் பொயின்றில் ஏர்த் வயரே பூட்டியிருக்காது, அல்லது நடுவிலுள்ள மல்ரி பிளக்கில் மூன்றாவது முள் வெறும் பிளாஸ்ரிக்காக இருக்கும். பவர் சப்ளைக்குக் கொடுக்கிற காசை முதலில் வயரிங் தெரிந்த ஒருவருக்குக் கொடுங்கள். தொண்ணூறுகளில் கரண்டே இல்லாமல் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட ஊர் இது. கரண்ட் வந்து இவ்வளவு காலமாகியும் ஏர்த்தை மட்டும் யாரும் மதிப்பதில்லை.

வெளிநாட்டுச் சாமான் எங்கள் ஊருக்கே உரிய ஒரு வில்லங்கம். கனடாவில் 120 வோல்ற், இங்கே 230. பின்பக்கம் சிவப்புத் தள்ளு ஆளி உள்ள பழைய டெஸ்க்டொப் ஒன்றை அயலில் ஒருவர் கொண்டுவந்தார். ஆளி 115இல் நின்றது. நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போகுமுன் அவர் மகன் பிளக்கைச் செருகிவிட்டான். 'டொப்' என்று ஒரு சத்தம், பிறகு மீன் கருகினமாதிரி ஒரு மணம். லப்டொப், போன் சார்ஜர்களுக்குப் பயமில்லை, அநேகமாக 100–240 என்று அடித்திருக்கும். தலைமயிர் வெட்டும் மெசின், மிக்ஸர், பழைய பிரின்ரர் போன்றவற்றில் 120 மட்டும் இருந்தால் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். பாரிஸிலிருந்து வரும் லப்டொப்பில் வோல்ற்றேச் பிரச்சினை இல்லை, விசைப்பலகைதான் ஆளைக் கொல்லும். கியூ இருக்கவேண்டிய இடத்தில் ஏ இருக்கும், இலக்கம் அடிக்கவே ஷிஃப்ட் அமுக்க வேண்டும். விண்டோஸில் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றி, ஒட்டுகிற எழுத்து வாங்கி மேலே ஒட்டினால் அது முடிந்தது.

கரண்ட் கட் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை வெட்டினார்கள். அந்த வருடம் என்னிடம் வந்த யூபிஎஸ்களுக்குக் கணக்கில்லை. உள்ளே இருப்பது 12 வோல்ற், 7 அம்பியர்-மணி ஈய அமிலப் பற்றரி. கரண்ட் போனால் கொம்பியூட்டரை ஒழுங்காக மூடப் பத்து நிமிடம் தருவதுதான் அதன் வேலை. அதை வைத்துக்கொண்டு கூவக் கூவப் படம் பார்த்தால் பற்றரி அடிமட்டம்வரை இறங்கும். ஈய அமிலப் பற்றரிக்கு அதைப்போல நஞ்சு வேறில்லை. பெட்டியில் 650 என்று பெரிதாகப் போட்டிருப்பது விஏ, அதாவது வோல்ற்-அம்பியர். வாற்றில் அது நானூறுக்கும் உள்ளேதான் வரும். லேசர் பிரின்ரரை அதில் கொழுவவே கூடாது, சூடாகும்போது பிரின்ரர் ஒரேயடியாகப் பல நூறு வாற் இழுக்கும். ரவுற்றருக்கு வருகிற குட்டி யூபிஎஸ்ஸில் வேறொரு பொறி இருக்கிறது. 5, 9, 12 வோல்ற் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு குண்டு முனை பொருந்தும். பொருந்துகிறது என்று செருகாமல் ரவுற்றரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை இடி மழைக்கு ஆளியை நிறுத்தினால் காணாது. பிளக்கை இழுத்துவிடுங்கள். செம்பு ரெலிபோன் லைன் இருந்தால் அதையும் கழற்றுங்கள். சிலவேளை கொம்பியூட்டர் தப்பி, நெட் வயர் செருகும் போர்ட் மட்டும் செத்திருக்கும். அது ரவுற்றர் வழியாக வந்த அடி. ஃபைபர் வயர் மின்னலைக் கொண்டுவராது. ஆனால் அந்தப் பெட்டியின் அடாப்டர் சுவரில்தானே கிடக்கிறது?

குருநகர், பாசையூர்ப் பக்கம் கடலோர வீடுகளில் கொம்பியூட்டரைக் கொஞ்ச மாதம் போடாமல் விட்டால் திரை வராமல் 'பீப்' என்று மட்டும் கத்தும். மதர்போட் போய்விட்டது என்று முடிவெடுக்குமுன் பிளக்கைக் கழற்றி, ரேம் தட்டை எடுத்து, அதன் பொன் நிறப் பற்களைப் பிள்ளைகளின் வெள்ளை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டுத் திரும்பப் பூட்டிப் பாருங்கள். உப்புக் காற்றில் படிந்த படலம் போய்விடும். பாதிக்கு மேல் அதோடு சரிவந்திருக்கிறது.

பென்ரைவ் விடயத்தில் வேண்டாத இடத்தில் சந்தேகப்படுவார்கள், வேண்டிய இடத்தில் நம்புவார்கள். 32 ஜிபி வாங்கினால் 29.8 என்று காட்டுவது ஏமாற்று இல்லை. செய்கிறவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. ஆனால் தெருவோரத்தில் நம்பமுடியாத மலிவில் 2 ரிபி என்று விற்பதை நம்பிச் சாமத்தியவீட்டு வீடியோவை ஏற்றுகிறார்கள். அதற்குள் இருப்பது சின்ன நினைவகம், கூடச் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். நிரம்பிய பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகும். எச்2ரெஸ்ற்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுவதையும் எழுதி வாசித்துப் பார்த்தால் உண்மை தெரியும். நல்ல பென்ரைவ் என்றாலும் அலுமாரிக்குள் வருடக்கணக்கில் வைக்கிற சாமான் இல்லை அது, வேறோர் இடத்தில் இன்னொரு பிரதி வேண்டும். பெரிய வீடியோ ஏறவில்லை என்றால் பென்ரைவ் ஃபட்32 என்ற கோப்பு அமைப்பில் இருக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. எக்ஸ்ஃபட்டுக்கு மாற்றலாம், மாற்றும்போது உள்ளே இருப்பது அழியும், ரீவி அதை வாசிக்குமா என்றும் முதலில் பார்க்க வேண்டும்.

கடைசியாகப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. போன மாதம் ரொறன்ரோவிலிருந்து மச்சாள் ஒரு கோப்பு அனுப்பினா. அப்பப்பாவின் அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டு, அதாவது நினைவுப் புத்தகம். திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். "வைரஸ் வந்திட்டுதோ?" என்று கேட்டா. வைரஸ் இல்லை. பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்துகளுக்கு மேலே தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் போர்வை கழன்று அடியில் இருப்பது தெரிகிறது. எங்கள் பக்கத்தில் எத்தனையோ கோயில் நோட்டீஸ், கல்வெட்டு, ரியூசன் குறிப்பு இப்படிக் கிடக்கின்றன. கை பாமினிக்குப் பழகிவிட்டது என்பவர்கள் பழக்கத்தை விடத் தேவையில்லை. இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பாமினி விசை அமைப்பு இருக்கிறது, அதே விரலால் எல்லாக் கொம்பியூட்டருக்கும் பொதுவான யூனிகோட் எழுத்தில் அடிக்கலாம். பழைய கோப்புகளை இணையத்திலுள்ள மாற்றிகளில் போட்டு மாற்றலாம். மச்சாளுக்கு நான் அப்படித்தான் மாற்றி அனுப்பினேன். தேவாரத்தில் இரண்டு இடத்தில் கொம்பு இடம் மாறி நின்றது, அதைக் கையால் திருத்தினேன்.