டோக்கன் சேகரிக்கத் தொடங்குவோருக்கு: கையில் எடுத்ததும் என்ன பார்க்க வேண்டும்?

நாணயத்தை அரசு அடிக்கிறது. அதன் வேலையை ஓர் இடத்திலோ ஒரு தேவைக்கோ மட்டும் செய்ய வேறு யாராவது அடித்துக் கொடுத்தால் அது டோக்கன். பேருந்துக்கு, பாலுக்கு, ரொட்டிக்கு, கூலிக்கு, சூதாட்டத்துக்கு என்று எதற்கும் டோக்கன் இருந்திருக்கிறது.

சில்லறைத் தட்டுப்பாடுதான் பழைய டோக்கன்கள் பலவற்றுக்குக் காரணம். பிரிட்டனில் 1775-க்குப் பிறகு செப்புக் காசு அடிப்பது ஏறக்குறைய நின்றுபோனது. வேல்ஸை ஒட்டிய ஆங்கிள்சி தீவின் பாரிஸ் (Parys) சுரங்க நிறுவனம் 1787-ல் தன் செம்பைக் கொண்டே பென்னி டோக்கன் அடித்தது. அடுத்த பத்தாண்டில் கடைக்காரர்களும் ஆலைக்காரர்களும் அதே வழியில் இறங்கினார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் இதே கதைதான்: மக்கள் காசைப் பதுக்க, வணிகர்கள் ஒரு சென்ட் அளவில் டோக்கன் அடித்தார்கள். 1864-ல் சட்டம் அதைத் தடுத்தது.

எந்த வரலாற்று நூலிலும் இடம்பெறாத ஒரு சின்னக் கடையின் பெயர், தெரு, விற்ற பொருள் எல்லாம் ஒரு செப்பு வில்லையில் கிடைப்பதுதான் சேகரிப்பவர்களை இழுக்கிறது. பட்டியலில் ஏறாத வகைகள் இன்னும் அகப்படுவது இன்னொரு காரணம்.

தேவையானவை

0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு, வெர்னியர் காலிப்பர், காந்தம், பத்து மடங்கு லென்ஸ், பருத்திக் கையுறை. கையுறை இல்லாவிட்டாலும் குற்றமில்லை. விளிம்பை மட்டும் பிடியுங்கள்.

படி 1: முதலில் விளிம்பு

புதியவர்கள் இரு முகங்களையும் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். 18-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் டோக்கன்களில் முக்கியச் செய்தி பெரும்பாலும் விளிம்பில்தான் இருக்கும்: இன்ன ஊரில், இன்னாரிடம் கொடுத்தால் பணம் தரப்படும் என்று. சிலவற்றில் ‘எங்கும் செல்லும்’ என்று மட்டும் இருக்கும். எங்கும் செல்லும் என்றால் எவரும் பொறுப்பில்லை என்று அர்த்தம். அதை யார் வெளியிட்டார் என்று கண்டுபிடிப்பது கடினம். முகங்கள் ஒன்றாகவே இருந்தாலும் விளிம்பு எழுத்து மாறினால் அது தனி வகை, விலையும் மாறும்.

படி 2: அச்சுத் திசை

இரு முகங்களும் ஒன்றுக்கொன்று எந்தத் திசையில் அடிக்கப்பட்டிருக்கின்றன என்பதே அச்சுத் திசை. முன்முகத்தை நேராக வைத்து, மேலும் கீழும் இரு விரலால் பிடித்து இடமிருந்து வலமாகத் திருப்புங்கள். பின்முகம் நேராக வந்தால் 12 மணி, தலைகீழாக வந்தால் 6 மணி என்று குறியுங்கள். இடைப்பட்டால் அதையும் மணிக்கணக்கிலேயே குறிக்கலாம்.

படி 3: உலோகம்

காந்தம் ஒட்டினால் பெரும்பாலும் இரும்பு அல்லது இரும்பின் மேல் முலாம். ஒட்டாவிட்டால் அடர்த்தியைப் பாருங்கள். டோக்கனை எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்து, அளவைப் பூஜ்யமாக்கி, மெல்லிய நூலில் கட்டிய டோக்கனை அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். முதல் எடையை இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி. அலுமினியம் 2.7, துத்தநாகம் 7.1, பித்தளை சுமார் 8.5, செம்பு 8.9, ஈயம் 11.3.

ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழி கணக்கைக் கெடுக்கும். நூலை லேசாகச் சுண்டி அதை உதிருங்கள். மூன்று கிராம் டோக்கனுக்கு இரண்டாவது எண் 0.35 அளவில்தான் இருக்கும், தராசு 0.01 தவறினாலே பித்தளையும் செம்பும் குழம்பிவிடும். அங்கே நிறமே நல்ல சாட்சி. மரம், அட்டை டோக்கன்களைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

படி 4: அடையாளம்

எடை, விட்டம், உலோகம், விளிம்பு, பெயர், ஊர் ஆகியவற்றைக் குறித்த பிறகே பட்டியலை, அதாவது டோக்கன் வகைகளைத் தொகுத்த நூலை, திறக்க வேண்டும். 18-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் வகைகளுக்கு டால்டன்-ஹேமர், அமெரிக்க உள்நாட்டுப் போர் வகைகளுக்கு ஃபுல்ட், போக்குவரத்து டோக்கன்களுக்கு ஆட்வுட்-காஃபி. இணையத்தில் நுமிஸ்டா உண்டு. எல்லாவற்றையும் வாங்கத் தொடங்கினால் பெட்டிதான் நிறையும். ஒரு ஊர், ஒரு தொழில், அல்லது போக்குவரத்து மட்டும் என்று எல்லை போட்டுக்கொள்வது நல்லது. நியூயார்க் சுரங்க ரயில் டோக்கன்கள் (1953 முதல் 2003 வரை) தொடக்கத்துக்கு ஏற்றவை: வகைகள் குறைவு, எளிதில் கிடைக்கும்.

படி 5: சுத்தம் செய்யாமல் வையுங்கள்

பாலிஷ் போட்ட டோக்கனின் மதிப்பு போனது போனதுதான். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஒருநாள் ஊறவிட்டு, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்; இது செம்புக்கும் பித்தளைக்கும் மட்டும்.

மெத்தென்ற பிவிசி உறைகள் நாளடைவில் அமிலம் கக்கும். டோக்கனில் பச்சையாகப் பிசுபிசுக்கும். தூய அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, டோக்கனைச் சில நிமிடம் அதில் வைத்தால் அந்தப் பிசுபிசுப்பு கரையும். நெருப்பின்றி, காற்றோட்டத்தில் செய்யுங்கள். பிளாஸ்டிக், செல்லுலாய்டு, வண்ணம் பூசிய டோக்கன்கள் அதில் கரைந்தே போகும். மைலார் (பிவிசி இல்லாத தெளிந்த பிளாஸ்டிக் தாள்) ஜன்னல் வைத்த அட்டை உறையே போதும். ஈய டோக்கனை ஓக் மர இழுப்பறையில் வைக்கக் கூடாது. மரத்தின் அமில ஆவியில் வெள்ளைப் பொடி பூக்கும். அட்டை உறையிலிருந்து எடுக்கும்போது ஸ்டேப்பிள் கம்பிகளை எல்லாம் கழற்றிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒரு கம்பி விட்டுப்போனாலும் டோக்கனின் குறுக்கே கீறல் விழும்.